வித் ஹூம்

காந்திபுரத்தில் வங்கித் தேர்வுக்கான ஆங்கில வகுப்பில் என்னைச் சேர்த்துவிட்டவர் என் கணவர். அடுத்த மாதமே மாரடைப்பில் போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்தபின் மறுபடி வகுப்புக்குப் போனேன். அங்கே யாருக்கும் விஷயம் தெரியாது.

அன்று 'வித் ஹூம்', 'ஃபார் ஹூம்' எங்கெங்கே வரும் என்ற பாடம். ஆளுக்கொரு வாக்கியம் எழுதச் சொன்னார்கள். யாருடன் வாழ்ந்தேனோ அந்த மனிதர் நல்லவர் என்று ஆங்கிலத்தில் எழுதினேன்.

ஆசிரியை அதைப் படித்தார். "ஒருத்தர்கூட வாழறதுக்கு வித் ஹூம் சரிங்க அம்மணி. ஆனா லிவ்டுன்னா இறந்தகாலமுங்க. ஊட்டுக்காரரப் பத்தித்தானுங்களே? லிவ்னு மாத்திப்போடுங்க."

"இல்லீங்க, லிவ்டுதானுங்க" என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது.

அவர் வகுப்பு முடியும்வரை என் பக்கத்திலேயே நின்று பாடம் நடத்தினார்.