இரண்டிலிருந்து நாலு வரை

இரண்டு மணிக்கு வரச்சொன்னால் இரண்டு மணிக்கே வந்து நிற்கும் மனிதர்கள் உலகத்தில் உண்டு என்பது என் ஒன்பதாவது பிறந்தநாளில்தான் எங்கள் வீட்டுக்குத் தெரியவந்தது.

நான் பிறந்து வளர்ந்தது நியூஜெர்சி பார்சிப்பனியில். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். நடுவில் ஒரே ஒரு வருடம் அப்பாவை அவர் ஆபீஸ் டென்மார்க்குக்கு அனுப்பியது, நாங்களும் கூடப் போனோம். கோபன்ஹேகனுக்கு வடக்கே, கடலை ஒட்டிய பணக்காரப் புறநகர். வேலிச்செடியைக்கூட ஸ்கேல் வைத்து வெட்டியிருப்பார்கள். பல தோட்டங்களில் கொடிக்கம்பம் உண்டு. வீட்டில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் தேசியக்கொடி ஏறிவிடும். குளிர்காலக் காலைகளில் பெரிய மனிதர்கள் குளியல் அங்கியோடு தெருவில் நடந்துபோய்க் கடலில் முங்கிவிட்டு வருவார்கள். எங்களைப் பார்த்தால் புன்னகை செய்வார்கள், அவ்வளவுதான். பார்சிப்பனியில் சனிக்கிழமை ஆனால் எங்கள் வீடு ஆன்ட்டிகளால் நிரம்பி வழியும். டென்மார்க்குக்குப் போனதிலிருந்து காலிங் பெல்லை அழுத்தியது தபால்காரர் ஒருவர்தான்.

என் வகுப்பில் ஒரு வழக்கம் இருந்தது. பிறந்தநாளுக்குக் கூப்பிட்டால் எல்லாரையும் கூப்பிட வேண்டும், ஒருவரையும் விடக்கூடாது. என்னைத் தவிர இருபத்திரண்டு பேர். இதைக் கேட்டதும் அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அவளுடைய பார்சிப்பனிக் கணக்கில் ஒரு பிள்ளை என்றால் ஒரு அம்மா, ஒரு அப்பா, ஒட்டிக்கொண்டு வரும் தம்பியோ தங்கையோ. அறுபது பேருக்குக் குறையாமல் பிரியாணி செய்வது என்று முடிவானது. டீச்சர் சொன்னபடி அழைப்பிதழில் இரண்டிலிருந்து நாலு வரை என்று எழுதினேன்.

"நாலு வரைக்கும்னு போடறதெல்லாம் சும்மாடி," என்றாள் அம்மா. "ரெண்டுன்னா மூணரைக்குத்தான் வருவாங்க. நம்ம ஊர்ல நீ பாத்ததில்ல?"

நம்ம ஊர் என்று அவள் சொன்னது பார்சிப்பனியை.

அந்த வாரம் முழுக்க என்னிடம் ஒரு டேனிஷ் வாக்கியம் கற்றுக்கொண்டாள். உள்ளே வாங்க, காபி சாப்பிடறீங்களா, அவ்வளவுதான். துணி மடிக்கும்போதும் பாத்திரம் துலக்கும்போதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

சனிக்கிழமை சரியாக இரண்டு மணிக்கு பெல் அடித்தது. அப்பா லுங்கியோடு, வாயில் பாதி ஊதிய பலூனோடு போய்க் கதவைத் திறந்தார். வாசல் நிறையப் பிள்ளைகள், பின்னால் பெற்றோர்கள். நான் சமையலறைக்கு ஓடினேன்.

"அம்மா, தே ஆர் ஹியர்! ஆல் ஆஃப் தெம்!"

அம்மா நைட்டியில், ஈரத்தலையில் துண்டோடு வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள். "ஐயையோ, எல்லாருமா? நான் இன்னும் புடவையே கட்டலையேடி!"

அவள் புடவை மாற்ற ஓடுவதற்குள், பெற்றோர்கள் அப்பாவிடம் கைகுலுக்கி, நாலு மணிக்கு வந்து கூட்டிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார்கள். பிள்ளைகள் ஷூவைக் கழற்றி வரிசையாக வைத்தார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர்களும் நாங்களும் ஒரே கட்சி. கேக் வெட்டினோம், அதில் குட்டிக் காகிதக் கொடிகள் குத்தியிருந்தோம். விளையாடினோம். பிரியாணி இன்னும் அடுப்பில்தான் இருந்தது.

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அம்மா பிரியாணிச் சட்டியைத் திறந்தாள். வீடே மணந்தது. மாம்பழ நிறப் பட்டுப்புடவையில் வந்து வாசலில் நின்றுகொண்டாள். நாலு அடித்ததும் பெல்லும் அடித்தது. முதலில் வந்த பெண்ணிடம் தன் வாக்கியத்தைச் சொன்னாள். அந்தப் பெண் கண்களெல்லாம் சிரிக்க, நன்றி, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று சொல்லி, மகளுக்கு ஷூவைக் காட்டினாள். அடுத்தவரிடமும் அம்மா சொன்னாள். அதற்கடுத்தவரிடமும் சொன்னாள். பிள்ளைகள் ஒவ்வொருவராக அவளிடம் கைகொடுத்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். பத்துப் பன்னிரண்டு முறை கேட்டதும் எனக்கு வெட்கத்தில் காதெல்லாம் சுட்டது.

"ஸ்டாப் இட், அம்மா. தே டோன்ட் வான்ட் காபி."

"நீ சும்மா இரு," என்று சொல்லிவிட்டு, அடுத்து வந்தவரைப் பார்த்துச் சிரித்தாள்.

நாலு பத்துக்கு வாசல் காலி. என் பிறந்தநாள் நாசமாகிவிட்டது, திங்கட்கிழமை எல்லாரும் என்னைக் கேலி செய்யப்போகிறார்கள் என்று நான் சோபாவில் குப்புறப்படுத்து அழுதேன். யாரும் கேலி செய்யவில்லை. அந்த வாசனை என்ன என்று மட்டும் இரண்டு பேர் கேட்டார்கள்.

அன்று சாயங்காலம் அம்மா, பட்டுப்புடவையை மாற்றாமலே, பிரியாணியை டப்பா டப்பாவாக நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"நான் சொன்னது சரியாத்தானே இருந்துச்சு? அவங்களுக்குப் புரிஞ்சிருக்கும்ல?"

"யெஸ். பட் யூ செட் இட் டூ மெனி டைம்ஸ்," என்றேன்.

அம்மா டப்பாவை மூடினாள்.

அந்த ஊருக்குப் போய் அன்றோடு எட்டு மாதம் ஆகியிருந்தது. அப்பாவுக்கு ஆபீஸ் இருந்தது, எனக்கு இருபத்திரண்டு பேர் இருந்தார்கள். எங்கள் இருவரைத் தவிர வேறு யாரோடும் உட்கார்ந்து அம்மா ஒரு வாய் காபி குடித்ததில்லை. அது என்னுடைய பார்ட்டி என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.