முன்கூட்டிச் சொல்லாத காய்ச்சல்

வடமராட்சிக் கரையோரத்துத் தாய்மார் எல்லோருக்கும் குணலட்சுமி மிஸ்ஸைத் தெரியும். இருபத்தாறு வருடமாக அவள்தான் அந்தப் பகுதியில் தாய் சேய் நலம் பார்க்கும் மருத்துவமாது. குழந்தைக்கு ஊசி போட்டால், "பின்னேரம் காய்ச்சல் காயும், பயப்பிடாதேங்கோ" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவாள். அவள் சொன்ன நேரத்துக்கு வராத காய்ச்சல் மறுநாள் வந்து மன்னிப்புக் கேட்குமென்று ஊரில் ஒரு கதை.

கொரோனா ஊசி வந்த முதல் நாள் பள்ளிக்கூட மண்டபத்தில் நானூறு பேர். "கெதியாய் அனுப்புங்கோ" என்று மேலிடத்து உத்தரவு. ஊசி போட்டவர்களை இருத்தி விளக்கம் சொல்வது குணலட்சுமியின் வேலை. வள்ளக்கார ஆழ்வாப்பிள்ளையிடம், "ஒண்டும் செய்யாது அண்ணை, போங்கோ" என்றதோடு விட்டுவிட்டாள்.

அவர் விடியக் கடலுக்குப் போனார். நடுக்கடலில் குளிரும் காய்ச்சலும் உலுக்க, வள்ளத்துக்குள் சுருண்டவரைக் கூடப் போனவர்கள் கரைசேர்த்தார்கள். இரண்டு நாளில் அவர் எழும்பிவிட்டார். ஊசியால்தான் என்று ஊரில் எழும்பிய பயம்தான் அடங்கவில்லை. அடுத்த கிழமை மண்டபத்தில் வெறும் கதிரைகள். அவருடைய அக்கா மகாதேவி, "பிறகு பாப்பம்" என்று வீட்டோடு இருந்துவிட்டாள். அந்த மாதமே கொரோனா அவளைக் கொண்டுபோனது. முகம்கூடக் காட்டவில்லை, சாம்பல்தான் வந்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகு குணலட்சுமி அந்த வீட்டுக்குப் போனாள்.

"ஒண்டும் செய்யாதெண்டு சொல்லவோ வந்தனீங்கள்?" என்றார் ஆழ்வாப்பிள்ளை.

"இல்லை அண்ணை. காய்ச்சல் வருமெண்டு எனக்குத் தெரியும். சனம் நிண்ட அவசரத்திலை சொல்லயில்லை. பிழை என்ரை."

"சொல்லியிருந்தால் நான் கரையிலை கிடந்திருப்பன். அக்காவும் ஊசிக்கு வந்திருப்பா."



ஆறு மாதக் கர்ப்பிணியான அவருடைய மருமகள் சுபாஜினி கதவடியில் நின்றாள். "அவசரத்திலை செய்த மருந்தாமே மிஸ்? பிள்ளைக்கு ஒண்டும் வராதோ?"

"கெதியாய்த்தான் செய்தவை. ஆனால் ஆயிரக்கணக்கான ஆக்களுக்குப் போட்டுப் பாத்துத்தான் வெளியிலை விட்டவை. வெளிநாட்டிலை கர்ப்பிணியளுக்கும் போட்டிருக்கினம், இதுவரை கெடுதல் காணயில்லை. இன்னும் பாத்துக்கொண்டுதான் இருக்கினம். எல்லாம் தெரியுமெண்டு இனி நான் சொல்லன். கொரோனா வருத்தம் வந்தால் ரெண்டு உயிருக்கும் ஆபத்து, அது தெரியும். ஊசி போட்டால் உமக்குக் காய்ச்சல் வரலாம். அடுத்த நாள் நான் வந்து பாப்பன்."



சுபாஜினி அடுத்த கிழமை ஊசி போட்டுக்கொண்டாள். மறுநாள் காலை குணலட்சுமி கரைவழியே சைக்கிளில் வந்தாள். மற்ற வள்ளங்களெல்லாம் கடலில். ஆழ்வாப்பிள்ளையின் வள்ளம் மட்டும் மணலில் கிடந்தது. அவர் வீட்டு வாசல் படலையடியில் நின்றார்.

"காய்ச்சல் வந்திட்டுது மிஸ்," என்றார். "நீங்கள் சொன்னமாதிரி."