திரைக்காவலர் மாணிக்கவேல்

ஊருக்கு ஊர் கடை விரித்திருக்கும் காஞ்சிபுரத்துப் பட்டு கம்பெனி ஒன்றில் மாணிக்கவேல் தகவல் பாதுகாப்பு அதிகாரி. சந்தேகப்படுவதற்கு மாதாமாதம் சம்பளம் வாங்கும் பாக்கியம் எத்தனை பேருக்கு வாய்க்கும்? மனிதர் அனுபவித்துச் செய்தார்.

டிசைன் அறைக்குள் யாரும் போன் கொண்டுபோகக் கூடாது. அவர் மட்டும் கொண்டுபோகலாம். பக்கத்தில் நிற்பவருக்குக் கறுப்பாகத் தெரியும் தாளை எல்லாத் திரைகளிலும் ஒட்டினார். யார் கம்ப்யூட்டரைத் திறந்தாலும் திறந்தவர் பெயர் திரை முழுக்கச் சாய்வாக, மங்கலாக ஓடும்படி வைத்தார். திருட்டுப் படம் எடுத்தால் எடுத்தவர் பெயரும் சேர்ந்து விழுந்துவிடுமாம். முதலாளி ஆதிகேசவன் பூரித்துப்போனார்.

அப்படிப் பொத்திப் பொத்தி வைத்த கல்யாண சீசன் முந்தானை டிசைன், ஐயம்பேட்டைக் கடையொன்றில் புடவையாகவே தொங்கியது. மாணிக்கவேலுக்கு ரத்தம் கொதித்தது. விசாரணையாவது ஒன்றாவது! வரைந்தவள் முசரவாக்கத்துத் திரிஷா. எனவே திருடியும் அவளே என்று அன்றைக்கே வெளியே அனுப்பிவிட்டார்.

"திருடின்னு பேராயிட்டா இந்த ஊர்ல எந்தக் கடையில சார் என்னைச் சேத்துப்பாங்க?" என்று அவள் கேட்டாள். அதை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

மறுநாள் அந்தப் புடவையையே வாங்கிவந்து முதலாளி முன்னால் விரித்தார். ஆதிகேசவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முந்தானையைத் தடவினார். பூக்களுக்கு நடுவே சாய்வாக ஓடிய ஜரிகையை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"இன்னாபா இது, உன் பேர் இருக்குது?"

மாணிக்கவேலுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பாதுகாப்பு ஏற்பாடு முடிந்த அன்று, தன் பெயரில் கம்ப்யூட்டரைத் திறந்து, அந்த டிசைனைப் படமெடுத்து, 'எவனாலும் திருட முடியாது' என்று சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டவர் அவர்தான். படம் கைமாறிக் கைமாறி ஐயம்பேட்டை போயிருக்கிறது. அங்கிருந்த கம்ப்யூட்டர், படத்தில் இருந்ததை எல்லாம் அப்படியே தறிக்கு மாற்றியிருக்கிறது. பூ எது, அதிகாரி எது என்று அதற்கென்ன தெரியும்?

அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டுக் கூட்டிக்கொண்டு வரும்படி முதலாளி உத்தரவு போட்டார். வெட்கத்தை விழுங்கிக்கொண்டு மாணிக்கவேல் போன் செய்தார்.

"வர முடியாது சார். ஐயம்பேட்டை கடையில சேந்துட்டேன். திருடின்னு சொன்னதும் உடனே எடுத்துக்கினாங்க. மொத வேலையா உங்க பேரத்தான் அழிச்சிக்கினு இருக்கேன்."