மருமகள் செல்கள்

என் அண்ணி செல் வளர்ப்பவள். கோழி வளர்ப்பதுபோலச் சொல்கிறேனே என்று அவளுக்குக் கோபம் வரும். வேறு எப்படிச் சொல்வதாம்? எலி மூளையிலிருந்து எடுத்த செல்களை ஆய்வுக்கூடத்தில் வட்டக் கிண்ணங்களில் வைத்து, வேளாவேளைக்கு ஆகாரம் மாற்றி, கதகதப்பான பெட்டிக்குள் காப்பாற்றுகிறாள்.

மூளை என்றால் ஊரே நரம்பு செல்களைப் பற்றித்தான் பேசும். அண்ணி வளர்ப்பது அவற்றுக்குத் துணை நிற்கும் செல்களை. ஊட்டுவது, குப்பை அள்ளுவது, அடிபட்டால் பார்த்துக்கொள்வது எல்லாம் இவை; பேர் வாங்குவது மட்டும் அவை. அதனால் இவற்றுக்கு மருமகள் செல்கள் என்று பட்டம் கொடுத்திருந்தாள். என் அம்மா காதில் விழும்படியே சொல்வாள்.

ஆய்வுக்கூடத்தின் தலைவியை எல்லாரும் மேடம் என்பார்கள். அண்ணியைவிடக் கொஞ்சம் மூத்தவர். பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரஜன் இல்லாவிட்டால், இந்தச் செல்களுக்குள் சக்தி உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கு என்ன ஆகிறது என்பது அவருடைய கேள்வி. ஒரு வரிசைக் கிண்ணங்களுக்கு ஹார்மோன் உண்டு, அடுத்த வரிசைக்குக் கிடையாது. வித்தியாசம் தெரிந்தே ஆக வேண்டும், ஆனால் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒன்றுபோலவே இருந்தன.

அண்ணிக்கும் அப்போது மாதவிலக்கு நிற்கும் வயது. வேர்வை, தூக்கமின்மை, போதாக்குறைக்கு வார்த்தைகள் வேறு காலை வாரின. கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டே “அந்தக் கிண்டறது எங்க?” என்பாள். அண்ணன் சிரித்தான். அவனை நான் சும்மா விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும்போது அண்ணி சொன்னாள்: “ரெண்டு வரிசையும் ஒண்ணாவே இருக்குன்னா, கிண்ணத்த மாத்தி வெச்சது நான்தான். மூளை மழுங்கிப்போச்சு. நாளைக்கு வேலைய விட்டுடறேன்னு சொல்லிடப்போறேன்.”

“மாத்தி வெச்சத யார் பாத்தா அண்ணி?”

“வேற என்னவா இருக்கும்?”

நான் துணியைத் தேய்த்தேன். அவளுடைய வெள்ளைக் கோட்டில் செல் ஆகாரம் சிந்திய ரோஜா நிறக் கறை வேறு போகமாட்டேன் என்றது. அந்த எரிச்சலில், “ஹார்மோன்தான் கெடையாதே, உங்க மருமகளுங்களுக்குச் சாயம் மட்டும் எதுக்கு?” என்றேன்.

“ஆகாரம் கெட்டா அது மஞ்சளாயிடும். நமக்குத் தெரியறதுக்காக…” பாதியில் நின்றவள், ஈரக் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அந்தச் சாயமே லேசாக ஈஸ்ட்ரஜன் வேஷம் போடக்கூடியதாம். ஹார்மோன் சோதனைக்கு நிறமில்லாத ஆகாரம்தான் ஊற்ற வேண்டும் என்பது அந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரியுமாம். அதற்கென்றே வாங்கிய பாட்டில் ஃப்ரிட்ஜில் சீல் உடைக்காமல் இருந்தது. ஹார்மோன் இல்லாத வரிசைக்கும் அண்ணி தன் கையாலேயே போலி ஹார்மோன் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறாள்.

“அப்ப மறந்துட்டீங்களா?”

“மறந்திருந்தாத்தான் தேவலையே. வருஷக்கணக்கா எடுத்த பாட்டில கை மறக்காம எடுத்திருக்கு.” சொல்லிவிட்டு வெகுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

மறுநாள் மேடத்திடம் உள்ளதைச் சொன்னாள். “நானும்தானே தெனமும் அந்த ரோஜா நிறத்தப் பாத்துக்கிட்டிருந்தேன்,” என்று மேடம் தலையில் கை வைத்துக்கொண்டாராம். இருவரும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். அண்ணி தன் உடம்புக்காக ஒரு டாக்டரையும் பார்த்தாள். மூளை மழுங்கவில்லை, இந்த வயதில் பலருக்கும் வருகிற தடுமாற்றம்தான், பார்த்துக்கொள்ளலாம் என்றார் அவர். நான்தான் இழுத்துக்கொண்டு போனேன்.

புதுக் கிண்ணங்களில் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. ஹார்மோன் உள்ள வரிசையில் அந்தச் சக்தி உண்டாக்குபவை நீள நீளமாக நூல்போல, இல்லாத வரிசையில் துண்டு துண்டாக. எலி விஷயத்தில் தெரிந்தது இவ்வளவு, மனுஷருக்கு எப்படியோ, அது இனிமேல்தான் என்றாள் அண்ணி.

அன்று மைக்ரோஸ்கோப்பில் முதலில் குனிந்தவர் மேடம். சந்தோஷத்தில் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, “பாருங்க, அந்த… அதான்… அய்யோ, என்ன சொல்லுவோம் அத?” என்று திணறினாராம்.

“மைட்டோகாண்ட்ரியா, மேடம்,” என்றாளாம் அண்ணி.

வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது அவள் அழுதாள். நானும்தான்.