சித்தப்பாவின் கன்டின்ஜென்சி

எங்கள் சித்தப்பாவிடம் ஏகப்பட்ட ஆங்கிலம் இருப்பதாகத் தாராவியில் எங்கள் சந்தே நம்பியது. உண்மையில் அவரிடம் இருந்தது ஒரே ஒரு சொல்தானோ என்று இப்போது எனக்குச் சந்தேகம். கன்டின்ஜென்சி. காட்கோபரில் அவர் கிளார்க்காக இருந்த ஆபீசில், ஃப்யூஸ் போன பல்பு, திடீர் விருந்தாளிக்கு டீ என்று முன்கூட்டித் தெரியாத செலவுகளுக்கு ஒதுக்கும் பணத்துக்கு அந்தப் பெயர். வேலை நிரந்தரமாகாமல், தேவைப்படும்போது மட்டும் கூப்பிடப்படும் ஆட்களும் கன்டின்ஜென்சிதான்; சித்தப்பாவே கொஞ்ச காலம் அப்படி இருந்தவர். எதிர்பாராமல் வரும் சங்கடமும் கன்டின்ஜென்சி, அதைச் சமாளிக்க எடுத்துவைப்பதும் கன்டின்ஜென்சி.

வீட்டுக்கு வந்ததும் அந்தச் சொல் இன்னும் கொழுத்துவிட்டது. குழாயில் தண்ணீர் வராத நாளுக்கென்று நிரப்பிவைத்த நீல டிரம் கன்டின்ஜென்சி. சித்தியின் தாலிக்கொடியில் தொங்கிய ஊக்குகளும், ஆள் கூடினால் ரசத்தில் ஊற்ற வைத்திருந்த வெந்நீரும் கன்டின்ஜென்சி. தோல் பை தைக்கும் பட்டறையிலிருந்து திரும்பும் அப்பா, "இன்னிக்கு ரசமா, கன்டின்ஜென்சியா?" என்று தம்பியைச் சீண்டுவார். "எதுலயும் கைவசம் கூட ஒண்ணு இருக்கணும்ணே" என்பார் சித்தப்பா, கொஞ்சமும் அசராமல்.

எனக்கு ஆறு வயதானபோது மாட்டுங்காவில் ஒரு இங்கிலீஷ் பள்ளியிலிருந்து இண்டர்வியூவுக்கு அழைப்பு வந்தது. பெற்றவர்களுக்கும் சேர்த்துத்தான் இண்டர்வியூ. அவர்களுக்கு இங்கிலீஷ் வராவிட்டால் பிள்ளைக்கு இடமில்லை என்று பேச்சு. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பம்பாய் ஹிந்தியே தட்டுத்தடுமாறித்தான் வரும். எங்கள் சந்தில் இதற்கு ஒரு வழக்கம் இருந்தது. படித்த சித்தப்பா சித்தியையோ மாமா அத்தையையோ தாய் தகப்பனாக அனுப்பிவைப்பார்கள். யாரும் அதைப் பொய்யாக நினைத்ததில்லை. கல்யாணத்துக்கு நகை இரவல் வாங்குவது மாதிரிதான்.

தினமும் ஒத்திகை நடந்தது.

"ஏட்டி, அங்க என்னைய எப்பிடிக் கூப்பிடுவ?"

"டாடி."

"சித்திய?"

"மம்மி."

பெரிய சொல் ஒன்றைச் சொன்னால் அசந்துபோவார்கள் என்று தன் சொல்லையும் எனக்குத் தாரை வார்த்தார். நான் வாய் தவறி உளறிவிட்டால் இடம் போய்விடும் என்று ஆளாளுக்குச் சொல்லிச் சொல்லி, எனக்குச் சோறு இறங்காமல் போனது. தொட்டதற்கெல்லாம் அழுதேன்.

அன்று அம்மாவின் ஒரே பட்டுப் புடவையைச் சித்தி கட்டிக்கொண்டாள். கொசுவம் மடித்துவிட்டது அம்மாதான். பிறகு, தான் கட்டியிருந்த வீட்டுச் சேலையோடே என் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு கூட வந்தாள்.

பள்ளி வாசலில் சித்தப்பா சொன்னார். "மைனி, நீங்க கேட்டுக்கு வெளிய நில்லுங்க. பிள்ள அழுதா கூப்பிடுதேன். நீங்கதான் நம்ம கன்டின்ஜென்சி."

"நிக்கேன். போயிட்டு வாங்க" என்றாள் அம்மா.

உள்ளே பிரின்சிபால் அம்மையார் நிறங்கள் கேட்டார், கிழமைகள் கேட்டார். எல்லாம் சொன்னேன். புதுச் சொல் ஏதாவது தெரியுமா என்றார். சொன்னேன். அவர் புருவத்தை உயர்த்தி, அதை வைத்து ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னார். இது ஒத்திகையில் இல்லை. சித்தப்பாவைப் பார்த்தேன், அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பயத்தில் எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டேன்.

"மை கன்டின்ஜென்சி இஸ் ஸ்டாண்டிங் கேட் கே பாஹர்." கேட்டுக்கு வெளியே என்பதற்கு ஹிந்திதான் வாயில் வந்தது.

பிரின்சிபால் ஜன்னல் வழியே பார்த்தார். கேட்டுக்கு அப்பால் கொளுத்தும் வெயிலில் தண்ணீர் பாட்டிலை மார்போடு அணைத்தபடி அம்மா நின்றிருந்தாள். அது யார் என்று கேட்டார். சித்தப்பா மறுபடி மேஜையைப் பார்த்தார், சித்தி வளையலைத் திருகினாள். பியூன் போய் அம்மாவை அழைத்து வந்தார்.

செருப்பை வெளியே கழற்றிவிட்டு அம்மா உள்ளே வந்தாள். "ஆப் கோன்?" என்று, நீங்கள் யார் என்பதை ஹிந்தியில் கேட்டார் பிரின்சிபால். அம்மா சித்தப்பாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஆயா" என்றாள். "பச்சி கோ சம்பால்தா." பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவளாம்.

பிரின்சிபால் அவள் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "பைட்டியே" என்று நாற்காலியைக் காட்டினார். அம்மா உட்காரவில்லை. பாட்டிலைத் திறந்து எனக்குத் தண்ணீர் கொடுத்து, முந்தானையால் என் மோவாயைத் துடைத்துவிட்டு நின்றாள்.

இடம் கிடைத்தது. தன் சொல்தான் வாங்கிக்கொடுத்தது என்று சித்தப்பா சந்து முழுக்க ஜிலேபி கொடுத்தார். அம்மா ஆயாவாக நடித்ததை நான் அதே குரலில் நடித்துக்காட்டினேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், அம்மாவும்தான்.

அதன்பிறகு பெற்றோர் கூட்டமென்றாலும் ஆண்டு விழா என்றாலும் சித்திதான் வந்தாள். நான் மேடையில் ஆடிய நாளில்கூட. நீ ஏன் வரமாட்டேன் என்கிறாய் என்று அம்மாவிடம் சண்டை போடுவேன். "எனக்கு வெயில் ஒத்துக்காதுட்டி" என்பாள். ஜூலை மாத அடைமழையிலும் அதையேதான் சொன்னாள். நானும் நம்பினேன்.