வளைவுல மட்டும் கேட்ட சத்தம்

"கொண்டை ஊசி வளைவுல திரும்புறப்ப எல்லாம் என் பக்கம் டக்குனு சத்தம் வருது"ன்னு மனைவி ஒரு மாசமா சொன்னா. "உனக்கு மட்டும்தான் கேக்குது"ன்னேன்.

மலைக்குக் கீழ இருக்கற சர்வீஸ் சென்டர்லயும் நேர் ரோட்டுல ஓட்டிப் பாத்துட்டு, எங்க எஸ்யூவி நல்லா இருக்குன்னுட்டாங்க.

இன்னைக்கு மலை மேல செம்மேட்டு மெக்கானிக் நிறுத்தின வண்டியிலயே அவளை ஸ்டியரிங்கைத் திருப்பச் சொன்னார். என்கிட்ட, "ஏனுங்க, முன்சக்கர ஸ்பிரிங் மேல கை வைங்க"ன்னார்.

டக்!

அவ சொன்ன சத்தம் என் உள்ளங்கையில இடிச்சுது.

"மேல இருக்கற பேரிங் போச்சுங்க. நாமக்கல் கடையில சொன்னா பஸ்ல குடுத்து உடுவாங்க."

மத்தியான பஸ்ல வந்துச்சு, மாட்டினார். பத்து வளைவு இறங்கி ஏறினோம். சத்தமே இல்ல.

மெக்கானிக்குக்கும் பஸ் டிரைவருக்கும் நன்றி சொல்லிட்டேன். மனைவிகிட்ட எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க, அவ இதைப் படிக்கறதுக்குள்ள.