ஆக்டின் பண்ற பொண்ணு

என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் எரிச்சல்தான் வந்தது. ஆராய்ச்சியில் பாதி அப்படியே கிடக்கிறது. கல்யாணத்துக்கு அப்புறம் லேபுக்குப் போகாதே என்று யாராவது சொன்னால் இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று அம்மாவிடம் கறாராகச் சொல்லிவிட்டேன்.

அஸ்தினாபுரத்திலிருந்து மாப்பிள்ளையின் அம்மா மட்டும் ஆட்டோ பிடித்து எங்கள் இரும்புலியூர் வீட்டுக்கு வந்தார். டீயைக் குடித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஆசையாகக் கேட்டார்.

"எந்த சீரியல்லம்மா வர்ற?"

என் அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. எனக்கு உடனே புரிந்தது. நான் படிப்பது ஆக்டின் என்ற புரதத்தைப் பற்றி. அம்மா அதைச் சுருக்கி, போனில் ஊருக்கெல்லாம் "பொண்ணு ஆக்டின் பண்றா" என்று பெருமையடித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டு மாமி காதில் அது ஆக்டிங் என்று விழுந்திருக்கிறது. அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன்.

விஷயத்தைச் சொன்னதும் மாமிக்கு முகம் வாடிப்போனது. சீரியல் நடிகை மருமகளா வரப்போறா என்று தெரு பூராவும் சொல்லிவிட்டாராம். பாவமாகிவிட்டது எனக்கு. அவர் கட்டைவிரலில் மீன் நறுக்கும்போது பட்ட பழைய தழும்பு இருந்தது. அதைக் காட்டியே ஆரம்பித்தேன். வெட்டுப்பட்ட இடத்தை மூட ஓரத்துத் தோல் செல்கள் நகர்ந்து வருகின்றன. நகரும் செல்லின் முன் விளிம்பில் ஆக்டின் இழைகள் வளர்ந்து அதன் மேலுறையை முன்னால் தள்ளுகின்றன. அந்த இழைகளைப் பிடித்து வேலை வாங்கவே தனிப் புரதங்கள் உண்டு. ஒன்று இழையில் கிளை விடவைக்கும், ஒன்று நுனியை மூடி வளர்ச்சியை நிறுத்தும். நான் கட்டிக்கொண்டு அழும் புரதம் பழைய இழையை வெட்டும். வெட்டிய துண்டு கரைந்து, முன்னால் புது இழைக்கு ஆகும். வெட்டாவிட்டால் செல் நின்ற இடத்திலேயே நிற்கும்.

"தானா ஆறிச்சுன்னுல்ல நினைச்சேன்," என்று மாமி விரலைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

அம்மா கண்ணைக் காட்டியும் நான் விடவில்லை. நிக்காஹ்வுக்கு அப்புறமும் லேபுக்குப் போவேன், சில நாள் வர இருட்டிவிடும் என்று சொல்லிவிட்டேன். வாய்க்கொழுப்புதான். சொன்னபிறகுதான் உறைத்தது. மாப்பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை, ஆனால் இந்த மாமியை எனக்குப் பிடித்துவிட்டிருந்தது.

மாமி முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

"நடிக்கவே அனுப்பலாம்னுதாம்மா வந்தேன். இதுக்கா வேணாம்பேன்?"